நூற்றெட்டில் ஒருத்தர்

அமெரிக்காவில், பிளானோ நகரில், வேலைக்குச் சேர்ந்த தோசைக்கடையை விட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். தோசை போட வந்தவனைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். மாட்டேன் என்று வந்துவிட்டேன். வேறு வேலை இல்லை, படுக்க இடமும் இல்லை.

கால் ஓய்ந்து காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் ஒரு லாண்டிரிக் கடையில் உட்கார்ந்தேன். துணி காயக் காத்திருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி வீடியோ கேமில் மூழ்கியிருந்தாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன்.

“ஜப்பான் கேம் அண்ணா. கோட்டைக்கு நூத்தியெட்டு பேர சேக்கணும்.”

“நூத்தியெட்டா? அர்ச்சனையாம்மா?”

சிரித்தாள். “பழைய சீன நாவல்ல நூத்தியெட்டு கொள்ளைக்காரங்க வருவாங்க. அத வச்சு பண்ணது. ஃபைட்டர்ஸ் எல்லாம் வந்தாச்சு. துணி துவைக்கிறவங்க ஒருத்தர்தான் பாக்கி. அவங்க வராம கணக்கு முடியாது.”

அவள் துணிகள் மெஷினில் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அதே தோசைக்கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். மீதி நூற்றேழு பேரை இன்னும் பார்க்கவில்லை.