வாட்ச்காரர் மேசை விளக்கு

டெஸ்டர் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை. ஏழு வருடமாகக் கூரையில் சோலார் தகடும் கீழே பேட்டரியும் வைத்துக் கொடுக்கிறாள். தான் முறுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு இருந்தால் அந்த இணைப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தலைக்கனமா என்றால், கொஞ்சம் உண்டுதான். வேலை தெரிந்தவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே!

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் அவள்தான் சோலார் போட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மகளைப் பார்க்கப் போனபோது, மாடி அறையில் சம்பந்தி சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் வாட்ச் ரிப்பேர் செய்பவர். கையில் வாட்ச் இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. மேசை துடைத்து வைத்தாற்போல் கிடந்தது.

“என்ன சம்பந்தி, இன்னிக்கு லீவா?”

“வந்த வாட்சையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேங்க.” வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கண்ணு போச்சு. பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல பரவாயில்ல. விளக்கைப் போட்டா சக்கரமெல்லாம் துடிக்குது. வீட்ல யாருக்கும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க.”

இந்தத் தொழிலை விட்டால் மனிதர் இடிந்துபோவார். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், எரிந்துகொண்டிருந்த மேசை விளக்கைப் பார்த்து அப்படியே நிறுத்தினாள்.

“இப்போ துடிச்சுதா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் துடிச்சுதே!”

அவர் நம்பவில்லை. மனசு நோகக்கூடாதென்று சொல்கிறாள் என்றே நினைத்தார். டெஸ்டர் அக்காவோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டுவிட்டாள். பல்பை மாற்றினாள். அப்போதும் துடித்தது. கீழே ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கும் நேரமும் இது துடிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. மகளைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். விளக்கு அசையாமல் நின்றது. வீட்டில் அந்த இரண்டும் மட்டும்தான் ஒரே லைன்.

கீழே இறங்கி, தெருக் கரண்ட், கூரை, பேட்டரி என்று மூன்றையும் தனித்தனியாக நிறுத்தி, கரண்ட் இல்லை என்று டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே வயர்கள் சேரும் பெட்டியைத் திறந்தாள். அந்த லைனில் கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரின் ஸ்க்ரூவில் பொட்டு இருந்தது. இறுக்கமாகவும் இருந்தது. ‘நம்ம வேலையாச்சே’ என்று வயரை லேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

ஸ்க்ரூ கடித்திருந்தது செம்பை அல்ல, மேலே இருந்த பிளாஸ்டிக் உறையை. செம்பு ஓரத்தில் மட்டும் தொட்டுத் தொட்டுக் கருகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும். சோலார் போட்ட அன்றைக்கு இதே இடத்தில் நின்றபோது சம்பந்தியம்மா மூன்றாவது முறையாகச் சாப்பிடக் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. வேறு வீடாக இருந்தால் “இருங்கம்மா, முடிச்சுட்டு வரேன்” என்றிருப்பாள். மகள் வாழப்போன வீட்டில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவசரமாக முறுக்கி, பொட்டையும் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள்.

வெட்கமாக இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. சத்தமில்லாமல் சரி செய்துவிட்டு, வோல்டேஜ் கோளாறு என்று சொன்னால் போதும். ஆனால் வோல்டேஜ் என்றால் மேலே இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு, கண்ணையேதான் சந்தேகப்படுவார். கருகிய நுனியை வெட்டி எடுத்தாள். புதிதாகச் சீவி, செம்பை உள்ளே விட்டு முறுக்கி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கரண்டை மறுபடி விட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் மாட்டிவிட்டு, வெட்டிய துண்டோடு மாடி ஏறினாள்.

“பாருங்க சம்பந்தி. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. நான்தான் தப்பா மாட்டியிருக்கேன்.”

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்து விளக்கடியில் வைத்தார். கீழே ஃப்ரிட்ஜ் உறுமியது. வெளிச்சம் அசையவில்லை; குனிந்தபடியே ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“தப்பு பண்ணீங்களே, நல்லா இருப்பீங்க சம்பந்தி!” என்றார்.