மஞ்சள் வேட்டியும் பழைய பிளேடும்

மயிலம் முருகனுக்கு நான் விரதம் இருந்தது பக்தியால் அல்ல. என் சாப்பாட்டுத் தட்டை என் மனைவி தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. ஐம்பதை நெருங்குகிறவன், பி.காம். படித்தவன், திண்டிவனத்தில் பைப்பும் வால்வும் விற்றுப் பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன்.

விஷயம் கபடியில் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று தனியாகக் கபடிப் போட்டி நடக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு விளையாட்டும் கிடைக்கும், சிரிப்பும் கிடைக்கும். நான் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் திரும்பி வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். அதனால் என்னை ஓரத்தில் பிடிக்கிற ஆளாக நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிராளி வந்தால் அவன் மேல் விழ வேண்டும், அவ்வளவுதான். விழுவதில் எனக்கு இயற்கையாகவே திறமை உண்டு.

அந்த மாசியில் விழுப்புரத்தில் ஒரு போட்டி. நடத்தியவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை வைத்தார்கள். மைதானத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பொதுமக்களுக்கான மருத்துவ முகாம் நடக்கிறது. ஆட வருகிற எல்லாரும் போட்டிக்கு முன்பே அங்கே ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டி தேய்ந்து, முழங்கை கிழிந்து, ஒருவன் ரத்தம் இன்னொருவன் மேல் ஒட்டுகிற விளையாட்டு. போதாததற்கு ஆடுகிறவர்களுக்கு வயதும் ஆகிவிட்டது. சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், காமாலைக் கிருமி எல்லாவற்றையும் ஒரே குத்தில் பார்த்துவிடுவார்களாம்.

எங்கள் கேப்டன் உரக்கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழன். சனிக்கிழமை ராத்திரி குவார்ட்டர் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கோ டீயைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை.

"டேய், உனக்கு மட்டும் ஊசி வேணாம்டா. குழாயத் தொறந்து குவார்ட்டர் பாட்டில்ல புடிச்சிக்குவாங்க."

"நீ இன்னாத்துக்குடா வந்த? உன் லிவரக் கண்ணாடிப் பொட்டில வெச்சி ஊருக்குக் காட்டவா?"

"காட்டட்டுமே! மொத்த விழுப்புரமும் வந்து பாக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து முடிவு வாங்கப் போனோம். கேப்டனுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூட, வேறொன்றும் இல்லை. என்னை மட்டும் ஒரு பெண் தனியாக உட்கார வைத்தார். "சார், உங்களுக்கு ஹெபடைடிஸ் பி, அதான் காமாலைக் கிருமி, பாசிட்டிவ்னு வந்திருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல. பெரிய ஆஸ்பத்திரில டாக்டரைப் பாருங்க. வீட்ல இருக்கறவங்களையும் கூட்டிக்கினு போங்க, அவங்களும் பாத்துக்கணும்" என்றார். 'பயப்பட' என்கிற வார்த்தைக்கு அப்புறம் அவர் சொன்ன எதுவும் என் மண்டைக்குள் போகவில்லை.

வெளியே கேப்டன் காத்திருந்தான். "இன்னாடா சொன்னாங்க?"

"ரத்தம் தங்கமாட்டம் இருக்குதாம்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு இரண்டு பயம். ஒன்று, கல்லீரலில் கோளாறு என்றால் ஊர் என்ன நினைக்கும்? இத்தனை நாள் குடிக்காமல் இருந்த நல்ல பெயரெல்லாம் ஒரே நாளில் போய்விடும். வால்வு வாங்க நான் பாண்டிச்சேரிக்குப் போய் வந்ததற்கெல்லாம் புது அர்த்தம் வந்துவிடும். இரண்டாவது, இந்தக் கிருமி என் மனைவிக்கு ஒட்டிவிடக் கூடாது. யாருக்கும் சொல்லவும் கூடாது, யாருக்கும் ஒட்டவும் கூடாது. வண்டி திண்டிவனம் மேம்பாலம் ஏறுவதற்குள் திட்டம் தயாராகிவிட்டது. இறங்கியதும் புதிதாக ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு, ஒரு சோப்பு வாங்கினேன்.

மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அப்பா என்கிற பதவி தடுத்துவிட்டது.

மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். துணியில் அரை நூல் வித்தியாசம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதுத் தட்டு தெரியாமல் இருக்குமா?

"இன்னாங்க இது? பழைய தட்டு உங்கள இன்னா பண்ணிச்சு?"

"சும்மாதான்."

"தலகாணியத் தூக்கிக்கினு எங்க போறீங்க?"

"கூடத்துல... பாயில..."

தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு. "மாலை போடப் போறீங்களா?" என்றாள், எழுந்து வந்து.

மூழ்குகிறவனுக்குப் படகே வந்து நின்ற மாதிரி இருந்தது. "ஆமா" என்றேன். "மயிலத்துக்கு. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கறேன்."

காவடியை யார் கேட்டார்கள்? ஒரு பைப் கேட்டு வந்தவனுக்கு ரெண்டு எல்போ மூட்டும் சேர்த்துத் தள்ளிவிடுகிற வியாபாரப் புத்தி, பொய்யிலும் வேலை செய்துவிட்டது.

மறுநாளே மஞ்சள் வேட்டியும் மாலையும் வந்தன. வீட்டில் வெங்காயம், பூண்டு நின்றது. மீன்காரம்மா வாசலில் கூவிப் பார்த்துவிட்டுப் போனாள். "நீ சாப்புடு, விரதம் எனக்குத்தான" என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க இருக்கும்போது நான் மட்டும் கருவாடு துன்னுக்கினு இருக்கவா? நல்லாக் கீது நாயம்" என்று அவளும் என்னோடு சேர்ந்துவிட்டாள். வருஷக்கணக்காகக் கோயிலுக்குக் கூப்பிட்டும் அசையாத மனுஷன் தானாகவே மாறிவிட்டான் என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் காலையில் எழுந்ததும் முதல் கும்பிடு போட்டாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் வயிற்றில் என்னவோ பண்ணும். அது கல்லீரல்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கபடிக்கும் போகவில்லை. கேப்டன் கடைக்கே வந்துவிட்டான்.

"விரதத்துல யாரையும் தொடக் கூடாதுடா" என்றேன்.

"கால்தான புடிக்கப் போற? சாமி காலுன்னு நெனச்சிப் புடி!"

நான் அசையவில்லை. போட்டியில் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. என் எடையின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். டீக்கடையில் நானும் கேப்டனும் எப்போதும் ஒரே டீயை ஒன் பை டூ அடிப்பவர்கள். இப்போது நான் தனி டீ கேட்டதும், "சாமிக்கு முழு டீ! காணிக்கை என் கணக்கு!" என்று கத்தினான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கண்ணில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்ப்பேன். ஒரு நாள் நிஜமாகவே ஏறியிருந்தது. ஏரிக்கரைக்கு ஓடி, கீழாநெல்லியைப் பிடுங்கி வந்து, மோரில் அரைத்துக் குடித்தேன். மறுநாளும் மஞ்சள். அதற்கு மறுநாள் வேட்டி துவைக்கப் போயிருந்ததால் வெள்ளை லுங்கியோடு நின்று பார்த்தேன். கண் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் வேட்டியின் சாயை!

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். "சாமி, பழைய பிளேடு ஏதாச்சும் கீதா? நீங்க தாடி விட்டதுலேர்ந்து எனக்குத்தான் பேஜாரு."

தையல் பிரிக்க பிளேடு வேண்டும். நான் முகம் மழித்துவிட்டுப் போடுகிற பிளேடைப் பாதியாக உடைத்து, ஒரு பக்கம் துணி சுற்றி வைத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் வீட்டில் எதுவும் வீணாகாது என்று நானே பத்துப் பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். குளியலறை மாடத்தில் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, என்னுடைய தனித் தட்டை என்னுடைய தனித் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்ஸ்..." என்றாள். கட்டைவிரலில் ஒரு சொட்டு ரத்தம். அதை வாயில் வைத்துக்கொண்டே, "ஒண்ணும் இல்ல. இது எத்தினியோ தடவ கிழிச்சிருக்குது" என்றாள்.

தட்டு என் கையிலிருந்து விழுந்து, கூடம் முழுக்கச் சுற்றி, மிஷின் காலடியில் போய்ப் படுத்தது.

தட்டைப் பிரித்தேன், டம்ளரைப் பிரித்தேன், சோப்பைப் பிரித்தேன். என் தாடையைக் கீறிய பிளேடை மட்டும் இத்தனை வருஷமாக நானே அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் விழுப்புரம் பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம்பெண். என் மாலையையும் தாடியையும் பார்த்துவிட்டு, முகாம் முடிவைப் படித்தார்.

"தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சிருக்கேன் மேடம்" என்றேன். அதையாவது பாராட்டுவார் என்று ஒரு நப்பாசை.

"எதுக்கு? தட்டுல பரவாது சார். ஒண்ணா சாப்பிட்டா, தொட்டா, இருமினா பரவாது. ரத்தத்துல பரவும். புருஷன் பொண்டாட்டிக்குள்ள பரவும். அம்மாகிட்டேர்ந்து கொழந்தைக்குப் போகும். வீட்ல உங்க பிளேடை யாராவது எடுக்கறாங்களா?"

நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"விரதம்னு சொல்லியிருக்கேன்."

"நாளைக்கே கூட்டிக்கினு வாங்க. அவங்களுக்குக் கிருமி இல்லன்னா ஊசி போட்டுக் காப்பாத்தலாம். இருந்தா இப்பவே பாத்துடலாம். தெரியாம இருக்கறதுதான் ஆபத்து."

"நான் குடிக்கவே மாட்டேன் மேடம்..."

"இந்தக் கிருமிக்கு அதெல்லாம் தெரியாது சார். பொறக்கும்போதே வந்திருக்கலாம், எப்பவோ போட்ட ஊசில வந்திருக்கலாம். அதத் தேடாதீங்க. கண்ட இலையயும் அரைச்சுக் குடிக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபோது அவள் மிஷினில் இருந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எதுவும் என்னோடு வீட்டுக்குள் வரவில்லை. "அந்த பிளேடக் கீழ போடு" என்று ஆரம்பித்து, முகாம், கிருமி, தட்டு, காவடி எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டினேன்.

மிஷின் நின்றது. "எப்பத் தெரியும்?"

"மாலை போடறதுக்கு முந்தின நாளு."

கையிலிருந்த பிளவுஸுக்குக் கொக்கி வைத்து முடித்தாள். பிளேடைக் காகிதத்தில் மடித்துத் தனியாக வைத்தாள். பிறகு எழுந்து, என் தனித் தட்டைத் தேய்த்து மற்ற தட்டுகளோடு கவிழ்த்தாள். ராத்திரி அதே தட்டில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு, பழைய தட்டை என் பக்கம் தள்ளினாள். கும்பிடு நின்றுபோனது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுடைய முடிவுக்காகக் காத்திருந்ததுதான் என் வாழ்க்கையிலேயே நீளமான காலை. சும்மா இருக்க முடியாமல், "இந்த பெஞ்சுக்கும் தனித் துண்டு போடணுமா?" என்று ஒரு ஜோக் அடித்தேன். அவள் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த அறிமுகமில்லாத பெரியவர்தான் பாவப்பட்டுச் சிரித்தார். அவள் கட்டைவிரலில் இருந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலே பழைய கீறல்கள் நிறைய இருந்தன. இத்தனை வருஷத்தில் அன்றுதான் கவனித்தேன்.

"உங்களுக்கு இல்லம்மா" என்றார் டாக்டர். "இன்னைக்கே தடுப்பூசி ஆரம்பிச்சிடலாம், மொத்தம் மூணு. சில மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துக்கலாம்." மகளுக்குக் கல்லூரியில் சேர்ந்தபோதே சோதித்து ஊசி போட்டாகிவிட்டது என்பதையும் கேட்டுக்கொண்டார். எனக்குக் கல்லீரல் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். காயம் பட்டால் உடனே மூடிக்கொண்டு கபடியும் ஆடலாமாம். ஆடியில் மறுபடி பார்த்தபோதும் அவளுக்கு இல்லை என்றே வந்தது.

அன்றைக்கு முதல் ஊசியைத் தோளில் வாங்கிக்கொண்டு அவள் நர்சிடம் கேட்டாள்: "இவருக்கும் ஒண்ணு போடுங்களேன்."

"அவருக்கு இது தேவயில்லம்மா."

"தேவயில்லன்னாலும் போடுங்க. கொஞ்சம் தடிச்ச ஊசியா."

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

காவடி ரத்தாகிவிடும் என்று நம்பினேன். "சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான். ஜல்தியா எடுத்து முடிங்க" என்றுவிட்டாள். கேப்டனிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தன் டீயில் பாதியை என் கிளாஸில் ஊற்றினான். பங்குனி உத்திரத்தன்று காவடிக்குப் பின்னால் அணியே வந்தது. என் தொப்பையை மலைமேல் ஏற்றுவதற்கு அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள்.

மேலே போய், காவடியை இறக்கி, மாலையைக் கழற்றி, மூச்சு வாங்க உட்கார்ந்தேன். மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, முதலில் தான் வாய் வைத்துக் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள். குடித்தேன். எல்லாம் மன்னித்துவிட்டாள் என்கிற தைரியத்தில், "முருகன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், மன்னிச்சிடுவாரு" என்றேன்.

"அவரு இன்னாத்துக்கு மன்னிக்கணும்?" என்றாள். "உங்க பிளேடுல தையல் பிரிச்சது முருகனா? நான்."