கடைசிப் பக்கம் மேலே

ஐந்தாவது பக்கம் பிரிண்டரை விட்டு வெளியே வருவதற்குள் இருசப்பன் மூன்று தடவை எழுந்துவிடுவார். முதல் தடவை வாசலுக்குப் போய், எதிரே கோர்ட்டு கேட்டில் யார் நுழைகிறார்கள் என்று பார்ப்பார். இரண்டாம் தடவை ஃபேன் ரெகுலேட்டரைத் திருகுவார். அது வேலை செய்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்றாம் தடவை எதற்கு எழுந்தார் என்பது அவருக்கே தெரியாது. பாதி வழியில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார்.

“கொஞ்சம் உக்காருய்யா. காயிதம் இன்னா ஓடியா போயிடும்?” என்பார் பக்கத்து டீக்கடை மொய்னுதீன்.

“காயிதம் ஓடாது பாய். எனக்குத்தான் கால் நிக்க மாட்டேங்குது.”

டீயையும் நின்றபடிதான் குடிப்பார். நாற்பது வயது, ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் இரண்டு பேனா. இரண்டிலும் மை தீர்ந்திருக்கும்.

மாடிப்படிக்குக் கீழே அடைத்த இடம்தான் கடை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் கூவுகிற ஒரு யு.பி.எஸ். திருவண்ணாமலையில் பிரௌசிங் சென்டர் வைக்க வந்தவர்களெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கமும் கோயில் பக்கமும் இடம் தேட, இந்த மனிதர் மட்டும் கோர்ட்டு வாசலைப் பிடித்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் கொள்ளாத கூட்டம் வரும். இவர் கடையில் ஈ ஆடாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. ஹைகோர்ட்டுத் தீர்ப்புகளை நெட்டில் பார்க்கலாம் என்று ஜனங்களுக்குத் தெரிந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது. முன்பெல்லாம் நகலுக்கு மனுப் போட்டுவிட்டு, வக்கீல் குமாஸ்தா பின்னால் வாரக்கணக்கில் நடந்தவர்கள் இப்போது இவரைத் தேடி வருகிறார்கள். “கோர்ட்டுல எழுதனது ஊர்ச் சொத்துங்க. பீரோவுல பூட்டி வச்சிகினு இருந்தாங்க. இப்பதான் தொறந்து வுட்டுக்கீறாங்க” என்று, நெட்டையே தான் கண்டுபிடித்த மாதிரி பேசுவார்.

அந்தப் பிரிண்டருக்கு ஒரு குணம். அச்சான பக்கம் மேல்முகமாக விழும். அதன் மேல் அடுத்தது விழும். ஓடி முடித்ததும் கடைசிப் பக்கம்தான் மேலே இருக்கும். வேறு எந்தக் கடைக்காரராக இருந்தாலும் வரிசையாக அடுக்கிக் கொடுப்பார். இவர் அப்படியே எடுத்து, மேஜையில் இரண்டு தட்டு தட்டி, ஸ்டேப்ளர் அடித்துவிடுவார். குமாஸ்தாக்கள் சோம்பேறி என்று திட்டுவார்கள். ஐயையோ, அந்த மனிதரைப் போய்ச் சோம்பேறி என்றால் யாராவது நம்புவார்களா!

“மொதப் பக்கத்துல இன்னா கீது? யாரு மேல யாரு கேஸு போட்டாங்கன்னு கீது. அது உங்களுக்கே தெரியும். மேல கீறதப் பாருங்க, அதான் முடிவு” என்பார். தோற்றவர்களுக்கும் இதே கதைதான். “தோத்ததுன்னா சட்டுனு தெரிஞ்சிடணும். பதினஞ்சு பக்கம் ஆசை காட்டிட்டு அப்புறம் சொல்றது பாவம்.”

கடையில் ஒரு நோட்டு கிடக்கிறது. நெட் பார்க்க உட்காருகிறவர்கள் பேர், விலாசம், போன் நம்பர் எழுதி, அடையாள அட்டை நகல் கொடுக்க வேண்டும் என்று போலீசார் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து கிடக்கிறது. ஒவ்வொரு நாள் பக்கத்திலும் முதல் வரி இருசப்பனுடைய பேர். ஒரு தடவை சோதனைக்கு வந்த ஏட்டு சிரித்துவிட்டார். “கடைக்காரன் எதுக்குய்யா எழுதற?”

“நானுந்தானே சார் நெட்டு பாக்கறேன்?” என்றார் இவர். சிரிக்கவில்லை.

போலீஸ் நோட்டில் பேர் எழுதுவது இவருக்குப் புதிதல்ல. 1996-இல் அடி அண்ணாமலையில் கூழ் ஊற்றுகிற திருவிழா. யாருக்கு முதலில் கூழ் ஊற்றுவது என்பதில் தகராறு மூண்டு ஒருவர் மண்டை உடைந்தது. மைக் செட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த இருசப்பன் பேரும் புகாரில் ஏறிவிட்டது; அடித்தவன் இவருடைய மாமன் மகன். கோர்ட்டு பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பேர். இவர் இரண்டாம் எதிரி. நான்கு வருஷத் தண்டனை விழுந்தது. வேலூர் ஜெயிலில் பதினோரு மாதம் இருந்தபிறகு ஜாமீன் கிடைத்தது. அப்புறம் ஹைகோர்ட்டு இவரை விடுதலை செய்தது. கரண்ட் போன இருட்டில் இவரை அடையாளம் கண்டதாகச் சாட்சி சொன்னது நம்பும்படி இல்லை என்று பதினாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

விட்டது சனி என்று இருந்தார். ஒரு நாள் அந்தத் தீர்ப்பும் நெட்டுக்கு வந்து சேர்ந்தது. குமார், செந்தில் என்று பேர் வைத்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்திருப்பார். இருசப்பன் என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது இவர் கேஸ்தான்.

“பதினாலு பக்கத்துல பதிமூணு பக்கம் நான் கட்டையத் தூக்கிகினு ஓடறேன் பாய். பதினாலாவது பக்கத்துலதான் வூட்டுக்கு வர்றேன். எவன் அதுவரிக்கும் படிக்கறான்?”

தீர்ப்புகளை நெட்டில் போடுகிற தளத்தை நடத்துகிறவர்களுக்கு, தன் பேரை எடுத்துவிடச் சொல்லி ஒரு கடிதம் தயார் செய்து வைத்திருக்கிறார். எட்டு மாதம் ஆகிறது. காலையில் கடை திறந்ததும் அதைத் திறப்பார், ஒரு வார்த்தையை மாற்றுவார், மூடிவிடுவார். “அனுப்பிச்சிட்டீங்களா இல்லியா?” என்று மனைவி எழிலரசி கேட்காத நாளில்லை. “நாளைக்கு” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த மாதம் நாளைக்கு என்று சொல்ல முடியாமல் போயிற்று. கடை இருக்கிற கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு கட்டடம் தள்ளி, தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பாசாமியின் அறை ஒன்று காலியாக இருக்கிறது. தருகிறேன் என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அது போனால் கோர்ட்டுப் பக்கம் வேறு இடம் இல்லை. இருசப்பனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருசப்பன் எழுவதும் உட்காருவதுமாக இருந்தபோது ஆதிலட்சுமி வந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி, ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. வேர்க்கடலை போடுகிற இரண்டு ஏக்கர் மணிலாக்கொல்லைக்காகக் கொழுந்தனோடு வழக்கு. கீழ்க்கோர்ட்டில் இவள் பக்கம் ஜெயித்து, கொழுந்தன் ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கிறான். மெட்ராஸ் வக்கீல் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

“கேஸு இன்னும் நடக்குதுன்னு சொல்லிகினே அவன்தான் பயிர் வைக்கிறான். நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு சாமி. நம்பர்லாம் தெரியாது.”

அவள் பேரைப் போட்டார், வரவில்லை. புருஷன் பேரைப் போட்டார். கருப்பன் என்று நூறு பேர் வந்தார்கள். “கொழுந்தன் பேரு இன்னாம்மா?” முருகையன் என்றாள். ஊர்ப் பேரோடு சேர்த்துத் தட்டியதும் வந்து விழுந்தது. இருசப்பன் எழுந்து நின்றுவிட்டார். அப்பீல் தள்ளுபடி. தீர்ப்பாகி ஒன்றரை வருஷம் ஆகிறது.

“ஜெயிச்சிட்டம்மா! எப்பவோ ஜெயிச்சிட்ட!”

கடைசிப் பக்கம் மேலே வைத்துக் கொடுத்தார். அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு வெள்ளாமை தின்னுட்டானே பாவி” என்று அழுதாள். மொய்னுதீன் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

அந்த டீ ஆறுவதற்குள் அப்பாசாமி வந்தார்.

“தப்பா நெனச்சிக்காத இருசப்பா. பெங்களூர்லேருந்து பையன் போன் பண்ணான். நெட்டுல உன் பேரப் போட்டுப் பாத்தானாம். ஏதோ மண்டைய ஒடச்ச கேஸாமே?”

“விடுதலை ஆயிட்டேன் சார்.”

“நான் இல்லேன்னா சொல்றேன்? அவன் வேணாங்கறான். ஒண்ணு பண்ணு. எழுதிப் போட்டா பேர எடுத்துடுவாங்களாம், அவனே சொன்னான். எடுத்துட்டு வா. சாவி தந்துடறேன்.”

கடிதம் திரையில் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போய்விடும். அந்தப் பதிமூன்று பக்கமும் ஒழிய வேண்டும் என்று இருசப்பனுக்கு ஆசையாக இருந்தது. கை மவுஸ் மேல் போனது. படியில் ஆதிலட்சுமி காகிதத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். முருகையனும் இப்படி ஒரு கடிதம் எழுதிப் போட்டுப் பேரை எடுத்திருந்தால், இன்றைக்கு இவள் வெறுங்கையோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறியிருப்பாள்.

“எடுக்க மாட்டேன் சார்” என்றார். கடிதத்தை அழித்தார். தன்னுடைய தீர்ப்பைத் திறந்து பிரிண்ட் கொடுத்தார். எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு எடுத்துக் கொடுத்தவர், தன்னுடையதை அன்றுவரை எடுத்ததில்லை.

பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. ஐந்தாவது பக்கம் வந்தது, பத்தாவது வந்தது. இருசப்பன் எழுந்திருக்கவில்லை. பதினாலும் விழுந்ததும் தாள்களைக் கையில் எடுத்தார். வழக்கம்போல் தட்டி ஸ்டேப்ளர் அடிக்காமல், ஒவ்வொரு தாளாகப் புரட்டி அடுக்கினார். முதல் பக்கம் மேலே வந்தது. இரண்டாம் எதிரி, இருசப்பன். தகப்பனார் பேர், ஊர்ப் பேர்.

“உக்காருங்க சார். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். மொதல்லேருந்தே படிங்க” என்று அப்பாசாமியின் கையில் கொடுத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். “மெதுவாப் படிங்க. நான் எங்கியும் எழுந்து போவல.”