சத்தம் போடாத அலாரம்

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் அந்த நிறுவனத்தில் அவருக்குப் பெயர் 'ரீஸ்டார்ட்'. வைத்தவர்கள் கிடங்கு ஆட்கள். பிரிண்டர் நின்றாலும் சரி, பில் ஏறாவிட்டாலும் சரி, போனை எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" இல்லை என்றால் போனை வைத்துவிடுவார்.

மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை. அதுதான் ஐடி பிரிவு. ஏதாவது பழுதானால் கட்டடமே அந்த அறைக்குப் போன் போடும். மற்ற நாட்களில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவரும் வெளியே வந்து, "உங்க வேலையெல்லாம் எப்படி நடக்குது?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த முறைப்பிலேயே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

அவருடைய உயிர் வீட்டில் இருந்தது. தவமாய்த் தவமிருந்து பெற்ற ஒரே மகள். அந்தப் பிஞ்சு உடம்புக்குத் தினமும் இன்சுலின் ஊசி. கடைக்காரனை நம்பாமல், மருந்தைத் தன் கிடங்கிலிருந்தே வாங்கிப் போவார்.

அன்று காலை மனைவி வாசலில் மறித்தாள்.

"ஏங்க, ஊசி போட்டும் பாப்பாவுக்குச் சுகர் இறங்கவே மாட்டேங்குது. தண்ணி தண்ணின்னு தவிக்கிறா. புது மருந்து பிரிச்சதிலேருந்துதான் இப்படி."

"ஒளிச்சு வச்சு மிட்டாய் தின்னிருப்பா. உன் பொண்ணாச்சே!"

அவள் சிரிக்கவில்லை. மகள் சுவரில் சாய்ந்தபடி கையை மட்டும் அசைத்தாள். அந்தக் கை அவர் கூடவே ஆபீஸ் வரை வந்தது.

நாற்காலியில் உட்காரும் முன்பே போன் அடித்தது. கிடங்கு சூப்பர்வைசர்.

"ரீஸ்டார்ட் அண்ணே, குளிர் அறை கம்ப்யூட்டர் திரும்பவும் ஹேங் ஆகி நின்னுடுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, கேட்டுடாதீங்க! தினம் காலையில வந்ததும் அதைத்தானே பண்றோம்."

"தினமுமா?"

"பின்னே? சொன்னா நீங்க வேறென்ன சொல்லப் போறீங்க?"

போனை வைத்தார். கிடங்கை நோக்கி நடந்தார்.

இன்சுலின் பெட்டிகள் அடுக்கிய குளிர் அறைக்குள் கம்பளிக் கோட்டு போடாமலே நுழைந்தார். பல் கிட்டிப் போக வேண்டிய இடம். உடம்பு சிலிர்க்கக்கூட இல்லை. வெளியே ஓடி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். வெப்பநிலை சிவப்பு எழுத்தில் எரிந்தது. திரையின் மூலையில் குறுக்குக் கோடு போட்ட மணிப் படம். சுவரில் இருந்த அலாரம் வாயே திறக்கவில்லை.

அதை நிறுவியவரே அவர்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அந்த அலாரம் ஊமையாகத்தான் எழும். ஒவ்வொரு முறையும் கையால் தட்டி எழுப்ப வேண்டும். தினமும் அணைப்பார்கள் என்று யார் கண்டது? அவர் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

பக்கத்தில் வந்து நின்ற சூப்பர்வைசரிடம் கேட்டார்: "இந்த அலாரம் கடைசியா எப்ப அடிச்சது?"

"அது அடிச்சு எத்தனையோ நாளாச்சு அண்ணே. முன்னாடி காதைக் கிழிக்கும். நீங்கதான் சரி பண்ணிட்டீங்கன்னு நாங்க சந்தோஷமா இருந்தோம்!"

வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னங்க, பாப்பா வாந்தி எடுத்துட்டா. மூச்சு மேல மேல வாங்குது. இன்னொரு ஊசி போடட்டுமா?"

"வேண்டாம்! அந்த மருந்தைத் தொடாதே. குளிர் இல்லாம கெட்டுப்போச்சு, அது செத்த மருந்து. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. அங்க நல்ல மருந்து போடுவாங்க."

மனைவி குறுக்கிட்டாள்.

"அங்க மட்டும் எங்கேயிருந்துங்க வருது? உங்க கிடங்குலேருந்துதானே?"

வெளியே ஒரு வேனின் பின்கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"நிறுத்துங்க! வேனை நிறுத்துங்க!"

சூப்பர்வைசர் திகைத்து நின்றார். "ஆஸ்பத்திரி லோடு அண்ணே. அதை யாரைக் கேட்டு நிறுத்துறது? உங்களுக்கு எதுக்கு எங்க வேலை?"

பதில் சொல்ல நேரமில்லை. வேன் கேட்டைத் தாண்டித் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் அதன் பின்னாலேயே ஓடினார். காதோடு அழுத்திப் பிடித்திருந்த போனில் மகளின் மூச்சு இரைந்துகொண்டே இருந்தது.