பொருள் தெரியாமல் வாசித்த கடிதம்

அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற வழியில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் தொடக்கம் அது. சொந்த ஊர் செட்டிகுளத்துக்குப் பக்கம். மாதம் ஒருமுறை பெரம்பலூர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் வருவேன். மற்ற நாட்களில் குவார்ட்டர்ஸ்தான்.

அங்கே என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த நர்ஸ். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கன்னியாஸ்திரி இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் சிஸ்டர். திருச்சியில் ஆறு மாதம் தமிழ் படித்தவர். மரியாதையாகப் பேச 'ங்க' சேர்க்க வேண்டும் என்று யாரோ அழுத்திச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. வராந்தாவில் ஏறிய ஆட்டைக்கூட "கீழ இறங்குங்க" என்றுதான் விரட்டுவார்.

அந்த வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க, பின்கட்டில் டிரம்மில் கல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அந்த வழியாக வந்த சிஸ்டர் குனிந்து எட்டிப் பார்த்தார். கொதித்த சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணிலும் விழுந்துவிட்டது. குழாயடியில் உட்காரவைத்துக் கால் மணி நேரத்துக்கு மேல் நான்தான் தண்ணீர் விட்டுக் கழுவினேன். திருச்சிக்குக் கொண்டுபோனோம். பார்வைக்கு மோசமில்லை, ஆனால் மூன்று வாரம் இரண்டு கண்ணையும் கட்டியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்த மறுநாள் அவருடைய அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பிரெஞ்சும் இல்ல, ஜெர்மனும் இல்லையே" என்றார். லத்தீன் தெரிந்த பாதிரியார் ஒருவர் வந்திருந்தார். அவர் இரண்டு வரி வாசித்தார். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூசை வைக்கிற மாதிரி இருக்குங்க ஃபாதர்" என்றார்.

அது ரோமான்ஷ் என்ற மொழி. அவர்களுடைய மலைப்பக்கத்தில் கொஞ்சம் பேர் மட்டும் பேசுவது.

"நான் படிக்கட்டுமா சிஸ்டர்? எழுத்து இங்கிலீஷ் எழுத்துதானே."

"அர்த்தம் தெரியாதே உங்களுக்கு."

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். அந்த மொழியில் டி-யும் ஜி-யும் சேர்ந்து வந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லக் கூடாது. பாலுக்கு அவர்கள் வார்த்தையை நான் 'லட்க்' என்று வாசித்தேன். "ஜி-யை முழுங்கிடுங்க. நாக்கை மேல ஒட்டுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். கடைசியில் 'பச்சை' என்று சொல்லும்போது நாக்கு ஒட்டுகிற இடத்தில் வைத்து 'லாச்' என்றேன். கட்டுக்குக் கீழே அவர் முகம் மலர்ந்தது.

ஜி-யும் என்-னும் சேர்ந்தால் அது நம்முடைய ஞ. மலைக்கு 'முந்தோஞா'. முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. எப்படி என்று கேட்டார். "இதுக்கு எங்ககிட்ட தனி எழுத்தே இருக்கு சிஸ்டர்" என்றேன். எங்கள் வீட்டில் நாயித்துக்கெழமை என்றுதான் சொல்வோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பெரும்பாடு படுத்தியது ஜி-யும் எல்-லும் சேர்ந்த சத்தம். கண்ணுக்கு 'எல்ய்', மகளுக்கு 'ஃபெல்யா'. ல-வும் ய-வும் ஒன்றாகக் கரைய வேண்டும். எனக்கோ இரண்டும் தனித்தனியாகவே வந்து நின்றன. 'கல்யாணம்' என்ற வார்த்தையில் அது ஏறக்குறைய இருப்பதைக் கண்டுபிடித்து, வார்டில் மருந்து எடுத்து வைக்கும்போதெல்லாம் "கல்யா, கல்யா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வார்டு ஆயா ஒரு நாள் நின்று கேட்டார்: "என்னம்மா, கல்யாணத்துக்கு அவ்ளோ அவசரமா? ஒங்க அம்மாவுக்கு ஆள் அனுப்பட்டா?"

அந்தக் கடிதத்தை நாங்கள் ஏழெட்டுத் தடவை வாசித்திருப்போம். பசு கன்று போட்டிருந்தது, அப்பா கூரையில் விழுந்த பனியைத் தள்ளியிருந்தார் என்று சிஸ்டர் அர்த்தம் சொன்னார். அப்பாவுக்கு அவர்கள் 'பாப்' என்பார்கள். எந்த எழுத்திலும் தடுக்காமல் வாசிக்க எனக்குப் பழகிவிட்டது.

பத்து நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஒரே பக்கம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, 'கார ஃபெல்யா' என்று பிசகில்லாமல் ஆரம்பித்தேன். அடுத்தது சின்ன வரி: 'இல் பாப் அய் மோர்ஸ்.'

சிஸ்டர் கையை உயர்த்தினார். "திரும்பப் படிங்க."

கடைசி வார்த்தையில் ஒரு டி இருந்ததை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. 'மோர்ட்டுஸ்' என்றேன்.

"இன்னொரு தடவை."

தப்பு என் நாக்கில்தான் என்று நினைத்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகச் சொன்னேன். "இல் பாப் அய் மோர்ட்ஸ்."

"இப்ப சரியா சொன்னீங்க" என்றார். குரலில் எதுவும் தெரியவில்லை. "மிச்சத்தையும் படிங்க."

படித்தேன். நடுவில் இரவு என்ற வார்த்தை வந்தது, 'நோச்'. அதை அழகாகச் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு. முடித்துவிட்டு, "அப்பா என்ன சிஸ்டர், ஊருக்கு வராரா?" என்றேன்.

"இறந்துட்டாருங்க" என்றார்.

தந்தி கொடுத்தால் தூர தேசத்தில் மகள் தனியாகப் பதறுவாள் என்று அந்த அம்மா கடிதமே போட்டிருந்தார். அது வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தெளிவாக.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். தெரியாம..."

"எனக்குச் சரியா கேக்கலையோன்னுதான் திரும்பப் படிக்கச் சொன்னேன்" என்றார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

கண் நனைந்தால் புண் ஆறாது என்பது நர்ஸான அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் நான் கட்டை மாற்றியபோது பஞ்சு ஈரமாகத்தான் இருந்தது. டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் எழுத என்னைக் கூப்பிட்டார். கண் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும், கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று அதை முதலில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, எழுத்துக்கூட்டக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், காதில் விழுந்தபடியே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். மூன்று பக்கம் வந்தது.

அதற்குப் பதில் வருவதற்குள் கட்டுப் பிரித்தாயிற்று. சிஸ்டரே படித்தார், ஜன்னலோரமாக நின்றபடி, தாளை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு. படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதினதுல ஒரு வார்த்தைகூடச் சரி இல்லையாம். அம்மாவுக்கு முதல்ல ஒண்ணும் புரியலையாம். அப்புறம் அடுப்படியில உக்காந்து சத்தமா வாசிச்சுப் பாத்தாங்களாம். உடனே என் குரல் கேட்டுதாம்."

எந்த வார்த்தை ரொம்பத் தப்பு என்று கேட்டேன். அப்பா இறந்த செய்தி வந்ததிலிருந்து அன்றுதான் அவர் முதல்முறை வாய்விட்டுச் சிரித்தார்.