கூடவாக்கா

சலவைக்கூடத்தில் என் அத்தைக்குப் பட்டப்பெயர் 'கூடவாக்கா'. யாருக்குப் பல்வலி என்றாலும், யார் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்க வேண்டும் என்றாலும், "கூட வாக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிளினிக் டாக்டர் அவளைக் கண்டாலே, "இந்த வாரம் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்பாராம். ஒருத்தியோடு பிரசவ அறைக்குள்ளும் போயிருக்கிறாள். "வலி அவளுக்கு, கத்தினது நான்" என்பாள். வெளிநாட்டு நர்ஸ் சொன்னதையெல்லாம் தமிழில் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததே!

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் இடம் அது. ஈர விரிப்பை இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் இருவர் வாங்கி மடிக்க வேண்டும். ஒருத்தியின் கை தளர்ந்தாலும் துணி கோணிக்கொண்டு சுருங்கிவிடும். அத்தையோடு அதே உருளையில் மூன்று பேர்: நெட்டை, இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றதால் இரட்டைக்காரி, வயதில் இளைய சின்னவள். எல்லோரும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள். அந்த நாட்டு மொழியில் மற்ற மூவரும் வணக்கமும் நன்றியும் சொல்வார்கள், அவ்வளவுதான். அத்தை மட்டும் மாலை வகுப்புக்குப் போய்ப் படிக்கக் கற்றிருந்தாள்.

வருடக்கணக்கில் காத்திருந்து நால்வரும் ஒன்றாகவே குடியுரிமை வாங்கினார்கள். அடுத்து வந்தது தேர்தல். சாப்பாட்டு இடைவேளையில், போட்டிருந்த ஏப்ரனோடு, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.

படிக்கத் தெரியாதவர் ஓட்டுப்போடத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம் என்பது அத்தைக்குத் தெரியும். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம் என்பது தெரியாது. பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் எத்தனை பேரோடு போனாலும் யார் கேட்டார்கள்? தன் ஓட்டைப் போட்டுவிட்டு, முதலில் நெட்டையோடு போனாள். பிறகு இரட்டைக்காரியோடு.

"நீ யாருக்குக்கா போட்ட?" என்று மறைப்புக்குள் இரட்டைக்காரி கேட்டாள்.

"அதை நீ கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது. பேரைப் படிக்கிறேன். உனக்குப் புடிச்ச எடத்துல நீயே குத்து."

"ரெண்டு புள்ளைக்குப் பேர் வைக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. இத்தனை பேரைப் படிச்சா நான் என்னத்தைக் கண்டேன்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வெளியே கேட்டது. அடுத்துச் சின்னவளோடு அத்தை உள்ளே நுழையும்போது, வேட்பாளர் ஒருவரின் ஏஜென்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இந்த அம்மாவுக்கு மொத்தம் எத்தனை ஓட்டு?"

சின்னவள் ஓட்டுப்போடாமலே வெளியே வந்தாள். மற்ற இருவரின் ஓட்டும் செல்லாது என்றார்கள். யாருக்குப் போட வேண்டும் என்று அத்தைதான் சொல்லிக்கொடுத்தாள் என்று வழக்கு வந்தது. உள்ளே சிரித்ததையும் சாட்சியாக வைத்தார்கள். தப்பை ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லை என்றார் இலவச வக்கீல். அத்தை ஒப்புக்கொண்டாள். அடுத்த இரண்டு தேர்தலுக்கு அவள் ஓட்டுப்போட முடியாது என்று தீர்ப்பானது.

அதை அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். அதிகாரிகள் மற்ற மூவர் வீட்டுக்கும் போய்க் குடியுரிமைத் தாள்களை எடுத்துக் காட்டச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "இனி அவளோட எங்கயும் போகாத" என்று நெட்டையின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். உருளையில் கைகள் பழையபடி சேர்ந்து வேலை செய்தன, பேச்சுதான் குறைந்தது. சின்னவள் பல்வலியோடு தனியாகவே கிளினிக்குக்குப் போய், தப்பான பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த தேர்தலின்போது நான் அங்கே இருந்தேன். ஊர் ஊராகச் சுற்றி முடித்து, அடுத்து எங்கே என்று தெரியாமல் அத்தை வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, அதே சலவைக்கூடத்தில் தற்காலிக வேலை பார்த்தேன். தன் ஓட்டுப் போனாலும் அந்த மூன்று ஓட்டும் விழுந்துவிட வேண்டும் என்பதுதான் அத்தைக்கு ஒரே நினைப்பு.

"அவங்கவங்க வீட்டுல படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்கடி. ஒருத்தருக்கு ஒருத்தர், தப்பே இல்ல. வக்கீல்கிட்டயே கேட்டுட்டேன்."

"சரிக்கா" என்றார்கள் மூவரும்.

தேர்தலன்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஓட்டுப்போட்டுவிட்டு வர அவர்களை அனுப்பிவிட்டு, அவர்களுக்குப் பதிலாக என்னையும் மடிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேரையும் உருளையில் நிறுத்தினாள். நான் விட்ட விரிப்பெல்லாம் கோணிக்கொண்டு போனது. "உலகத்தையே சுத்தினவளுக்கு ஒரு துணியை நேரா விடத் தெரியல" என்று சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் மூவரும் திரும்பினார்கள்.

"ஸ்கூல்ல என்னா கூட்டங்கிற! கால் கடுத்துப்போச்சுக்கா" என்றாள் இரட்டைக்காரி.

"யாரும் எதுவும் கேக்கலயே?"

"கேக்கல" என்றாள் நெட்டை. சின்னவள் குனிந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அது போதும்டி" என்று அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்து நாங்கள் பள்ளிக்கூடத்து வழியாக வந்தோம். வாசலில் பூட்டு. உள்ளே சாரம் கட்டியிருந்தது. கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: கட்டட வேலை நடப்பதால் இம்முறை வாக்குச்சாவடி நூலகத்தில். வாக்காளர்களுக்கு வீட்டுக்கே தகவல் அனுப்பியிருப்பார்கள். அத்தைக்கு எப்படி வரும்?

அவள் அதை ஒரு தரம் படித்தாள். பூட்டைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

"இன்னும் நேரம் இருக்கு அத்தை. போன் பண்ணு. நானே அவங்க வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? நீங்க சொன்னது பொய்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா? நாளைக்கு உருளைக்கு முன்னால எப்படி நிப்பாளுங்க?"

"அப்போ அந்த ஓட்டு?"

"பயந்துகிட்டிருக்கிறவளை எப்படிடி இழுத்துட்டுப் போறது? அந்த பயத்தைக் கொண்டுபோய்க் குடுத்ததே நான்தான்."

"நீ இல்ல" என்றேன். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கொஞ்சம் தூரம் நடந்தவள் நின்று, போனை எடுத்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். மறுமுனையில் டிவி சத்தம் எனக்கும் கேட்டது.

"நான்தான்டி... இல்ல, ஒண்ணும் இல்ல." நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டியா? சரி. நாளைக்கு லோடு ஜாஸ்தியாம், கொஞ்சம் சீக்கிரம் வந்துடு."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.