மரியாதையான போர்டு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு நேரெதிரே டியூஷன் வகுப்பு வந்த நாளிலிருந்து எனக்குப் பிரஷர் ஏறியதுதான், இறங்கவேயில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் எங்கள் கேற்றை மறித்துத்தான் வாகனத்தை விடுவார்கள். கேட்டால், "அஞ்சு நிமிசம் அன்ட்டி." அந்த அஞ்சு நிமிசத்துக்குள் நான் காலி வீதிக்குப் போய் மரக்கறி வாங்கி வந்து சமைத்தும் முடித்துவிடுவேன்.

மற்ற நாளென்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை முடியாது. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. காலை எட்டு மணிக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் அவர் இருக்கவேண்டும். பிந்தினால் அந்தக் கட்டிலில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஒருதரம் அப்படிப் பிந்தி, மறுநாள் வரை மூச்சுவிட முடியாமல் கிடந்தார். நான் பயந்து செத்தேன்.

பொலிசுக்குப் போனேன். வாசலை மறித்து வாகனம் விடக்கூடாது என்பது சட்டம்தான், கேற்றில் ஒரு போர்டும் போடுங்கள் என்றார்கள். சின்னத் தகரம், மூன்று மொழிக்கும் இடம் காணாது. சிங்களத்தில் மட்டும் பெரிதாக என் கையாலேயே எழுதினேன். உத்தியோகத்துக்காகச் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணியவள் அல்லவா! வாகனம் நிப்பாட்டவேண்டாம் என்பதற்கு 'வாஹன நவத்தன்ன எபா' என்று எழுதவேண்டும். எனக்கு அந்த 'எபா' பிடிக்கவில்லை. மீன்காரனிடம் வேண்டாம் என்று சொல்கிற சொல்லைப் போய்க் கேற்றில் எழுதுவதா? அதை எடுத்துவிட்டு, முன்னால் 'கருணாகர' என்று மரியாதையாகப் போட்டேன்.

சனிக்கிழமை ஏழேகாலுக்குக் கேற்றைத் திறக்கிறேன், குறுக்கே ஒரு வெள்ளை வான். என் கணவர் கால் வீங்கிப்போய் ஏற்கெனவே எங்கள் காருக்குள் இருக்கிறார். வானுக்குள், மகளை வகுப்பில் விட்ட ஒரு முஸ்லிம் தகப்பன் ஆறுதலாகப் பேப்பர் வாசிக்கிறார்.

"உமக்குக் கண் தெரியேல்லையே? போர்ட் போட்டிருக்கிறன் எல்லே!"

"கண் தெரிஞ்சிதானே விட்டேன், அன்ட்டி. 'தயவுசெய்து வாகனத்தை நிப்பாட்டுங்க'ன்னு நீங்கதானே எழுதீக்கிறீங்க? எவ்வளவு நல்ல மனுஷர்ன்னு மகள்கிட்டயும் சொன்னேன்."

ஒழுங்கையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. காருக்குள்ளிருந்து இவரும் சிரித்தார், பாவி மனிதன்! எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் வெட்கப்பட ஏது நேரம்? உள்ளே ஓடிப்போய்ச் சிவப்புப் பெயின்ற் பேணியைத் தூக்கி வந்தேன். அத்தனை பேரும் பார்த்து நிற்க, போர்டில் மிச்சமிருந்த இடமெல்லாம் நிரம்ப 'எபா' என்று இழுத்தேன். பெயின்ற் சேலையெல்லாம் வடிந்தது.

"இப்ப வாசியும், தம்பி!"

வாசித்தார். "அல்லாஹ்! இப்ப நல்லா விளங்குது," என்று வானை எடுத்தார். எடுத்தது மட்டுமா, இறங்கி வந்து, பின்னால் நுழையப் பார்த்த இரண்டு கார்களையும் மறித்து எங்களுக்கு வழியும் விட்டார். ராணி மாதிரிப் போனேன்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரியில் நின்றோம். என் சேலையைக் கண்ட நர்ஸ் பிள்ளை பதறிப்போனாள்.

"ஐயோ அம்மா, இரத்தமா?"

"இல்லைப் பிள்ளை, இது பெயின்ற். இரத்தம் இவரிட்ட இருக்கு, கெதியாக் கொண்டுபோய் மெஷினில போடும்!"